மூன்றாவது துப்பாக்கி

எட்டு மாதமாகத் துலுக்காணம் ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தான். துப்பாக்கி சரியில்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, குழல் வலப்பக்கம் இழுக்கிறது, குறி பார்க்கிற தகடு ஆடுகிறது. கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்த்த கம்பி ஆலையில் பர்சனல் ஆபீசர் துளசிராமன் முதல் கேண்டீனில் டீ ஊற்றுகிறவர் வரை இதைக் கேட்காத ஆள் கிடையாது.

கேட்டவர்கள் நம்பவும் செய்தார்கள். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். ரெஜிமெண்ட் அணிக்காகச் சுட்டு, வடக்கே எத்தனையோ ஊர்களில் கோப்பை வாங்கியவன். பழவேற்காடு ஏரியோரக் குப்பத்தில் பிறந்து, வலையைத் தொடாமல் பட்டாளத்துக்குப் போன முதல் ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஊர் திரும்பியபோது, புதிதாகக் கிளம்பிக்கொண்டிருந்த அந்த ஆலையில் கேட் காவல் வேலை கொடுத்தார்கள். கொடுத்ததே அவன் குறி தவறாமல் சுடுகிறவன் என்பதற்காகத்தான்.

துளசிராமனுக்குத் துப்பாக்கி சுடும் போட்டி என்றால் உயிர். தனக்குச் சுட வராது, கை நடுங்கும். அதனால் சுடத் தெரிந்தவர்களைப் பார்த்து ஆசை தீர்த்துக்கொள்கிற மனுஷர். ஆலையின் பின்பக்கத்தில் காலியாகக் கிடந்த கிடங்கு ஒன்றை நிர்வாகத்திடம் கெஞ்சி வாங்கி, பத்து மீட்டர் அளந்து, சுவரோரம் மணல் மூட்டை அடுக்கி, குறி அட்டை மாட்டப் பலகை அடித்து ஒரு சுடுகளமாக்கினார். காற்றுத் துப்பாக்கி இரண்டு வாங்கிப் போட்டார். இரண்டும் உள்நாட்டுச் சரக்கு. ஒன்று துலுக்காணத்துக்கு. இன்னொன்று குணசுந்தரிக்கு.

குணசுந்தரி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் கம்பிகளை இழுத்துப் பார்த்து, எந்த எடையில் அறுகிறது என்று எழுதி வைக்கிற வேலையில் இருந்தாள். வயது இருபத்து மூன்று. கவரப்பேட்டைக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் பயிரிடும் குடும்பம். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட ஆரம்பித்தவள் விடவில்லை. அவளுடைய அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். அந்த வருஷம் மாநிலப் போட்டியில் அணிக்குத் தேறி வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார். தேறாவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்ட வேண்டும்.

நாற்பது குண்டுக்கு நானூறு புள்ளி என்பது கணக்கு. துலுக்காணம் முந்நூற்று எழுபதுக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டிருந்தவன். அது முந்நூற்று ஐம்பதாயிற்று, முந்நூற்று முப்பதாயிற்று. ஒருநாள் முந்நூறைத் தாண்டவே மூச்சு முட்டியது. ஒருமுறை துளசிராமன், "குணா துப்பாக்கியில சுட்டுப் பாருங்களேன்" என்றபோது, "கை மாறுனா குறி மாறிடும் சார். அந்தப் பொண்ணு பழக்கி வச்சிருக்கறத நான் கெடுத்துடக் கூடாது" என்று மறுத்துவிட்டான். அப்படிச் சொன்னபோது அதை அவனும் நம்பினான்.

கண்ணைப் பற்றி அவன் நினைக்காமல் இல்லை. கேட்டின் கம்பிகள் சில நாள் நடுவில் வளைந்து தெரிந்தன. வெயில் என்று நினைத்தான். பொன்னேரியில் ஒரு கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டான், கம்பி நேராகவில்லை. கண்ணாடிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிவிட்டு அதைப் பரணில் போட்டான். முந்தைய வருஷம் சின்னராசு என்ற காவலாளியை, கண் மங்கல் என்று டாக்டர் எழுதிய மறுநாளே கணக்கு முடித்து அனுப்பியிருந்தார்கள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் துப்பாக்கியின் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் தளர்ந்துபோகும்.

எழுபத்தாறு தை மாதம் ஒரு சனிக்கிழமை, வெளிநாட்டுத் துப்பாக்கியே வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லிவந்த துளசிராமன், சொன்னபடி செய்துவிட்டார். மெட்ராஸ் துப்பாக்கிக் கடை ஒன்றிலிருந்து, போட்டிக்கென்றே செய்த ஜெர்மன் காற்றுத் துப்பாக்கிகள் மூன்று ஆலை வேனில் வந்து இறங்கின. நீளமான மரப் பெட்டிகள். கூடவே கடையின் ஆள் ஒருவரும் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"நாலு மணிக்குள்ள சொல்லிடணும் சார்" என்றார் அவர். "மூணும் திரும்பிப் போகணும். நீங்க சொல்ற ஒண்ணுக்குத்தான் பேப்பர் போட முடியும். ஒரு கம்பெனிக்கு ஒரு பாரின் துப்பாக்கிதான் பர்மிட்டு. அடுத்தது எப்போன்னு யாருக்கும் தெரியாது."

துளசிராமன் துலுக்காணத்தின் தோளில் கை வைத்தார். "நீங்க பாத்து எது சொல்றீங்களோ அதுதான். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. மேனேஜர்கிட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன்."

முதல் துப்பாக்கியின் கட்டை அழகோ அழகு. தேன் நிறத்தில் ரேகை ஓடிய வாதுமை மரம். குழலை மடக்கிக் காற்றை ஏற்றும் வகை. துலுக்காணம் நின்று, காலை அகட்டி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்துச் சுட்டான். விசையை அழுத்தியதும் உள்ளே ஸ்பிரிங் பாய்ந்து துப்பாக்கி முன்னும் பின்னும் துள்ளியது. ஐந்து குண்டு. அட்டையைக் கயிற்றால் இழுத்துக் கொண்டுவந்தார்கள். ஐந்தும் ஐந்து திக்கில். ஒன்று கறுப்பு வட்டத்துக்கே வெளியே.

"உதைக்குது சார்" என்றான். மனசுக்குள் ஒரு நிம்மதி. "குண்டு குழலத் தாண்டறதுக்குள்ள துப்பாக்கி நவுந்துடுது."

இரண்டாவது துப்பாக்கி அவனுக்குக் குட்டை. தோளில் வைத்தால் கழுத்தைக் குறுக்க வேண்டியிருந்தது. அதிலும் குண்டுகள் சிதறின. அதற்கும் காரணம் இருந்தது, சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மூன்றாவது துப்பாக்கிக்குப் பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். அதைப் பின்னால் இழுத்துத் தள்ளினால் காற்று ஏறிவிடும். சுடும்போது வரும் உதையை வாங்கிக்கொள்ள, உள்ளேயே நகர்கிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கையில் எடுத்தபோதே துலுக்காணத்துக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல பாரம், ஆனால் பாரம் முழுவதும் இடது உள்ளங்கைக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. கன்னம் வைக்கும் இடம் அவன் கன்னத்துக்கு அளவெடுத்துச் செதுக்கியது போலிருந்தது. இப்படி ஒரு துப்பாக்கி உலகத்தில் இருக்கும் என்று பட்டாளத்தில் பேசிக்கொள்வார்கள், யாரும் தொட்டது கிடையாது.

பின் தகட்டின் பொட்டுத் துளை வழியாகப் பார்த்தான். குழல் முனையில் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் அட்டையின் கறுப்பு வட்டம், சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை விட்டு, மிதந்து நிற்க வேண்டும். வளையம் கோணியது. கறுப்பு வட்டத்தின் நடுவில், ஈரக் கையால் தொட்ட அச்சு மை போல ஓர் இழுவல். கண்ணை மூடித் திறந்தான். அதேதான். சரி, உடம்புக்குத் தெரியும் என்று மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்தினான்.

துப்பாக்கி அசையவே இல்லை. ஒரு சின்ன 'டிக்', அவ்வளவுதான்.

ஐந்து குண்டும் சுட்டான். நன்றாகச் சுட்ட குண்டு எது, கெட்டது எது என்று அட்டையைப் பார்க்காமலே சொல்லக்கூடியவன் அவன். ஐந்தும் நன்றாகப் போயின என்று தோளும் கையும் சொல்லின. அட்டை வந்தது. மூன்று குண்டுகள் கறுப்பின் ஓரத்தைக் கிழித்திருந்தன. இரண்டு வெள்ளையில்.

கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். துலுக்காணம் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். சொல்வதற்குக் காரணம் தேடினான். அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"நீ சுடும்மா" என்று குணசுந்தரியிடம் நீட்டினான்.

அவள் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாங்கினாள். மற்ற இரண்டிலும் அவள் சுமாராகத்தான் சுட்டிருந்தாள். முதல் துப்பாக்கியின் துள்ளலில் இரண்டு குண்டுகள் விலகியிருந்தன. இதில் முதல் குண்டைச் சுட்டதும் துப்பாக்கியை இறக்கி, அது சுட்டதா இல்லையா என்பது போல ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் நான்கு. அட்டையின் நடுவில் ஒரே ஓட்டை. சுண்டுவிரல் நுனியால் மூடிவிடலாம். அவள் சிரித்துவிட்டாள். சின்னக் குழந்தை தின்பண்டத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

பகல் சாப்பாட்டு மணி அடித்தது. துலுக்காணம் கேண்டீனுக்குப் போகவில்லை. மனைவி எல்லம்மா கட்டிக் கொடுத்த சோற்று டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டு, ஆலையின் பின் வேலியோரம் நடந்தான். வேலிக்கு அப்பால் ரயில் பாதை. அதையொட்டித் தந்திக் கம்பங்கள். ஒரு கம்பத்தை நேராகப் பார்த்தபடி வலது கண்ணை மூடினான். கம்பம் நேராக நின்றது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தான். கம்பம் நடுவில் முறுக்கிக்கொண்டு வளைந்தது. வளைந்த இடத்தில் ஒரு துண்டைக் காணோம். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், நடுவில் சாம்பல். மறுபடி செய்து பார்த்தான். நாலு தடவை, ஐந்து தடவை. கம்பம் மாறவில்லை.

அந்த எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவன் இப்படி நின்று பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினான். துப்பாக்கியில்லாமல் அவன் யார்? குப்பத்தில் அவனுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. தம்பிகளெல்லாம் ஏரியை நம்பிப் பிழைக்கிறார்கள். அவனுக்குத் துடுப்புப் பிடிக்கக்கூட வராது. கண் போனது தெரிந்தால் கேட் வேலை அன்றைக்கே போகும்.

திரும்பி வரும்போது குழாயடியில் குணசுந்தரி டப்பா கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க துன்னலயா?"

"பசிக்கலம்மா."

"மூணாவதுதானே சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே முகம் மலர்ந்தது. "அத்த எடுத்து வச்சா கை தானா நிக்குது அண்ணே. நானு ஒண்ணுமே பண்ணல, சத்தியமா. அது ஒண்ணு இருந்தா நானு தேறிடுவேன்."

"பாக்கலாம்" என்றான் துலுக்காணம்.

மூன்றரை மணிக்குத் துளசிராமன் மேசையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அட்டைகள் வரிசையாக இருந்தன. துளசிராமன் மூன்றாவது துப்பாக்கியில் குணசுந்தரி சுட்ட அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதப் பாத்தா மூணாவதுதான்னு எனக்கே தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

மூன்றாவது துப்பாக்கி இந்தக் கிடங்கில் இருந்தால், அதில் அவன் சுட வேண்டும். தினம் சுட வேண்டும். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், குறை எங்கே இருக்கிறது என்று. முதல் துப்பாக்கி துள்ளுகிற துப்பாக்கி. அது இருந்தால், பழக நாளாகும் என்று சொல்லலாம். ஆறு மாதம் சொல்லலாம், ஒரு வருஷம்கூட ஓட்டலாம்.

"முதல்ல சுட்டதுதான் சார் நமக்கு" என்றான்.

குணசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணாவது நல்ல துப்பாக்கிதான், நானு இல்லைன்னு சொல்லல" என்று துலுக்காணம் தொடர்ந்தான். குரல் தெளிவாகவே வந்தது, அதுதான் அவனுக்கே ஆச்சரியம். "ஆனா பாரம் ஜாஸ்தி. அஞ்சு குண்டு நின்னுக்கினு சுடறது வேற, நாப்பது சுடறது வேற. இருபதுக்கு அப்பால இந்தப் பொண்ணுக்குத் தோளு எறங்கிடும். அதுவுமில்லாம உள்ள எல்லாம் நகர்ற சமாச்சாரம். ஒண்ணு கெட்டுப் பூடுச்சுன்னா இங்க யாரு பாக்கறது? ஜெர்மனிக்கா அனுப்புவீங்க? முதலாவதுல ஒரு ஸ்பிரிங்கு, அவ்ளோதான். நம்ம ஒர்க்‌ஷாப்புலயே போட்டுக்கலாம். உதை இருக்குது, பழகினா சரியாப் பூடும்."

ஒவ்வொரு வார்த்தையிலும் பாதி உண்மை இருந்தது. துளசிராமன் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர், "அவரு சொல்றதும் சரிதான் சார்" என்றார்.

"உனக்கு என்னம்மா தோணுது?" என்று துளசிராமன் அவளைக் கேட்டார்.

குணசுந்தரி துலுக்காணத்தைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?" என்றாள் மெதுவாக.

துளசிராமன் பேனாவைத் திறந்து எழுதினார்.

அடுத்த வாரம் எல்லம்மாவிடம் பட்டாளக் கூட்டாளி ஒருவனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, துலுக்காணம் மெட்ராஸில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். அரை நாள் வரிசையில் நின்று, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, இருட்டறையில் உட்கார்ந்தான். வயதான டாக்டர் ஒருவர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். விழிக்குப் பின்னாலிருக்கும் திரையில் நட்டநடுவில் கெட்டுவிட்டது, பார்ப்பதற்கு முக்கியமான இடமே அதுதான், கண்ணாடியாலும் வராது, ஆப்பரேஷனாலும் வராது என்று பொறுமையாகவே சொன்னார்.

"இன்னொரு கண்ணு டாக்டர்?"

"அதிலயும் லேசா ஆரம்பம் தெரியுது. எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது."

வெளியே வந்தபோது மருந்தின் வேகத்தில் ரோடு முழுக்க வெள்ளையாக எரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எல்லம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "கூட்டாளி எப்பிடிக் கீறாரு?" என்று அவள் கேட்டதற்கு, "நல்லாக் கீறான்" என்றான்.

காகித வேலையெல்லாம் முடிந்து சித்திரையில் துப்பாக்கி வந்தது. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். துலுக்காணம் சுட்டான். சிதறியது. "உதை சார், பழகணும்" என்றான். நினைத்தது போலவே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அவன் நினைக்காத ஒன்றும் நடந்தது. பழைய துப்பாக்கியில் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்த குணசுந்தரி, போட்டிக்கு இதில்தான் சுட வேண்டும் என்று முடிவானதால் இதிலேயே பழகினாள். அவளுடைய மெலிந்த தோளில் அந்தத் துள்ளல் நிற்கவில்லை. எட்டுக் குண்டு நடுவில் போகும், ஒன்பதாவது எங்கோ போகும். வேலை முடிந்ததும் ரயிலுக்கு நேரமாகும் வரை சுடுவாள். தோள் கன்றிப்போய், கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை என்று பரிசோதனைக் கூடத்துப் பெண்களிடம் சொன்னது அவன் காதுக்கு வந்தது.

ஒருநாள் அவளே கேட்டாள். "எங்க அண்ணே தப்புப் பண்றேன்? நீங்க பாத்துச் சொல்லுங்களேன்."

அவன் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. காலும் இடுப்பும் மூச்சும் விரலும் புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருந்தன. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் துளசிராமன் நின்றுகொண்டிருந்தார்.

"விசைய அவசரப்பட்டு இஸ்துடற" என்றான்.

அவள் அதை நம்பினாள். அன்று முதல் விசையை அழுத்தப் பயந்தாள். அழுத்த வேண்டிய நேரத்தைத் தாண்டி நிறுத்திவைத்து, கை நடுங்கி, அப்புறம் சுட்டாள். இன்னும் மோசமானது.

ஆவணியில் மெட்ராஸில் மாநிலப் போட்டி. துலுக்காணம் பட்டியலில் கடைசி ஆட்களோடு நின்றான். குணசுந்தரி முப்பதாவது குண்டு வரை மூன்றாம் இடத்தில் இருந்தாள். முதல் நான்கு பேருக்கு அணியில் இடம். முப்பத்தாறாவது குண்டில் துப்பாக்கி துள்ளி, ஐந்தாம் வளையத்துக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவள் தோளில் வைப்பதும் இறக்குவதுமாக இருந்தாள். கடைசிக் குண்டைச் சுட நேரம் போதவில்லை. எட்டாம் இடம்.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். துளசிராமன் ஆறுதலாக ஏதேதோ சொன்னார். கவரப்பேட்டையில் இறங்கும்போது துலுக்காணத்திடம் வந்து நின்றாள்.

"உங்க பேரக் கெடுத்துட்டேன் அண்ணே. நீங்க அவ்ளோ பாத்து எடுத்துக் குடுத்தும் எனக்குக் கை வரல."

அவன் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நகராமல் நின்றிருந்தாலும் சொல்லியிருப்பானா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

அவள் மறுபடி கிடங்குப் பக்கமே வரவில்லை. ஐப்பசியில் வேலையை விட்டாள். கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருவள்ளூரில் உரக் கடை, வீடு மணவாள நகரில். பத்திரிகை வந்தது. துலுக்காணம் போகவில்லை.

மார்கழியில் ஆலையில் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் மேல் எழுத்தைக்கூட அவனால் வலது கண்ணால் படிக்க முடியவில்லை. இடது கண்ணில் மூன்று வரி தேறியது. மாலையில் துளசிராமன் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது எத்தனை நாளா?"

"ஒண்ணரை வருசமாக்கீது சார்."

துளசிராமன் கணக்குப் போட்டார். அவர் முகத்தில் அது ஒவ்வொரு படியாக ஏறுவதைத் துலுக்காணம் இடது கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அன்னைக்கு, துப்பாக்கி எடுத்தப்பவே தெரியும்."

"அன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது."

"மூணாவதுதான் நல்ல துப்பாக்கின்னும் தெரியும்."

"தெரியும் சார்."

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். திட்டுவார் என்று துலுக்காணம் காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "அந்தப் பேப்பர்ல என் கையெழுத்து இருக்கு. சொல்லி இனிமே எந்தத் துப்பாக்கியும் வரப் போறதில்ல."

வேலையை அவர் முழுக்கப் பறித்துவிடவில்லை. கேட்டிலிருந்து எடுத்து, கிடங்கில் பழைய சாக்குகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு மாற்றினார். அதற்குக் கண் அதிகம் வேண்டாம். சுடுகளத்துக் கிடங்குக்குப் பக்கத்துக் கிடங்குதான். சுடுவதற்கு ஆள் இல்லாமல் அது பூட்டிக் கிடந்தது.

அன்று இரவு எல்லம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கண் விஷயத்தைக் கேட்டு அவள் அழுதாள். துப்பாக்கி விஷயத்தைக் கேட்டு அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய்ச் சொல்லு" என்றாள்.

போகத் துணிச்சல் வர இரண்டு மாதம் ஆனது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறித் திருவள்ளூருக்குப் போய், விசாரித்து விசாரித்து மணவாள நகரில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தான். கதவைத் திறந்தது குணசுந்தரி என்பதைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டான்.

"அண்ணே, நீங்களா. உள்ள வாங்க." அவள் சந்தோஷப்பட்டாள். "அவரு கடைக்குப் போயிருக்காரு. நாஷ்டா துன்னீங்களா?"

"ஒண்ணும் வேணாம்மா. ஒரு சேதி சொல்லணும், சொல்ட்டுப் போயிடறேன்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னான். தந்திக் கம்பத்திலிருந்து ஆரம்பித்து, விசையை அவசரப்பட்டு இழுக்கிறாய் என்று சொன்ன பொய் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னான். எதிரே அவள் முகம் இருந்த இடத்தில் அவனுக்கு ஒரு மங்கல்தான் தெரிந்தது. ஓரமாகப் பார்த்தால் காதுக் கம்மலும் தோளும் தெரிந்தன. அவள் என்ன நினைக்கிறாள் என்று பார்க்க வழியில்லை. உள்ளே எங்கோ பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"என் கை நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கடைசியில் கேட்டாள்.

"நானு பட்டாளத்துல பாத்ததுலகூட அந்த மாதிரி கை இல்லம்மா."

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சுக்கினுதான் அண்ணே இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கினேன். எங்க அப்பா வச்ச கெடுவுக்காக இல்ல. அவர்கிட்ட இன்னொரு வருசம் கேட்டிருந்தா குடுத்திருப்பாரு. எனக்குத்தான் கேக்க வாய் வரல. எதுக்குக் கேக்கணும், நம்ம கைதான் வெளங்காத கைன்னு ஆயிப்போச்சேன்னு உட்டுட்டேன். இங்க வந்தும் ஒரு வேலைய தைரியமா எடுத்துச் செய்ய மாட்டேங்கறேன். சோத்துக்கு உப்புப் போடறதுக்குக்கூட அத்தைய ஒரு வார்த்தை கேட்டுக்கினுதான் போடறேன்."

துலுக்காணம் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப வந்து இத்த எதுக்கு அண்ணே சொன்னீங்க?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. சொன்னால் மனப்பாரம் குறையும் என்று வந்திருந்தான். அந்தப் பதிலை அவளிடம் சொல்ல முடியாது என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது.

"மன்னிச்சுக்கம்மா" என்றான்.

"போய்ட்டு வாங்க" என்றாள். வாசல் வரை வந்தாள். "படி கீது, பாத்து எறங்குங்க" என்று சொன்னாள். அதற்குப் பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பஸ் நிலையத்தில் நல்ல வெயில். வண்டிகள் வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயின. துலுக்காணம் ஒவ்வொரு வண்டியின் நெற்றியையும் அண்ணாந்து பார்த்தான். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இழுவல்தான் இருந்தது. இடது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தான். மார்கழியில் மூன்று வரி படித்த அந்தக் கண்ணிலும் இப்போது எழுத்து நடுவில் கரைந்து கிடந்தது. இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு, மூன்றாவது வண்டி வந்தபோது பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒருவரின் கையைத் தொட்டான்.

"இது பெரியபாளையம் போவுதா நைனா?"

"அதுதான் இப்பப் போச்சே. இனிமே சாயந்திரம்தான்" என்றார் அவர்.

துலுக்காணம் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நிழலுக்குப் போய்க் குந்தினான்.